பல் விட்ட சுவர்

இடித்த சுவரின் செங்கல்லைச் சுத்தம் செய்வதற்கென்று ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. ஓங்கி அடித்தால் கல் இரண்டாகிவிடும். தடவிக் கொடுத்தால் காரை அசையாது. ஓரத்தில் இரண்டு தட்டு, ஒரு திருப்பு, ஒரே இழுப்பாக ஒரு சுரண்டல். பழைய காரை செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே இருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரத்தில் மற்றவர்கள் மரநிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். சில்வண்டு மட்டும் இடிபாட்டு மேட்டின்மேல் குந்தி உட்கார்ந்து, தேய்ந்துபோன கொத்துக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஆள் சின்னதாக இருந்து சத்தம் பெரிதாக இருந்தால் கட்டட வேலைக்காரர்கள் சும்மா விடுவார்களா? இருபத்திரண்டு வருஷமாக அவள் சில்வண்டுதான்.

"ஏ சில்வண்டு, கொஞ்ச நேரம் தூங்க விடேன். டொக்கு டொக்குன்னு தலைக்குள்ளயே கொத்துற," என்றார் கம்பி கட்டுகிறவர், கண்ணைத் திறக்காமல்.

"தூங்குறவனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. நீ தூங்கல, நடிக்கிற. நடிக்கிறவனுக்குத்தான் எறும்பு நடக்குறதுகூடக் கேக்கும்."

நிழலில் இரண்டு மூன்று பேர் படுத்தபடியே சிரித்தார்கள். சில்வண்டு அடுத்த கல்லை எடுத்தாள். அன்றைக்கு அது நாற்பத்தியெட்டாவது.

பெரிய வீடு அது. பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்தாற்போல ஒரு அறையைக் கூட்ட வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாவுக்கு ஆசை. அதற்காகப் பழைய சாமான் அறையையும் ஒரு நீளச் சுவரையும் இடித்தாயிற்று. புது அறையைச் செங்கல்லில் கட்டுவதா, மரச்சட்டத்தில் நிறுத்துவதா என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. சிமெண்ட் சட்டியோடு போகையிலும் வருகையிலும் சில்வண்டு அதைத் துண்டு துண்டாகக் கேட்டாள். செங்கல் என்றால் நாலு மாதம், வீடு முழுக்கத் தூசி, ஆனால் நூறு வருஷம் நிற்கும். மரம் என்றால் சட்டமெல்லாம் பட்டறையிலேயே அறுத்து வந்துவிடும், ஒரே மாதத்தில் அறை நிற்கும், ஈரமும் கரையானும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கார அம்மாவுக்குத் தூசி ஆகாது. மரம் என்று முடிவானது.

ஆக, கொத்தனாருக்கு அங்கே அஸ்திவாரமும் படிக்கட்டும்தான் மிச்சம். இடித்த கல்லை லாரியில் ஏற்றிக் கொட்டிவிடச் சொல்லியிருந்தார் காண்ட்ராக்டர். சில்வண்டின் கணவரான அந்தக் கொத்தனார் அன்று சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார்.

"அந்தக் கல்லை நான் எடுத்துக்கட்டுமா?"

"எந்தக் கல்லு? அந்தக் குப்பையா?" காண்ட்ராக்டர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எடுத்துக்கோ. எனக்கு லாரி மிச்சம்."

கொத்தனாருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ரசமட்டம். அவர் கட்டிய சுவரில் ரசமட்டக் குழாயை வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அடியில் காகிதத்தை மடித்து வைத்துச் சரி செய்துவிட்டுத்தான் கையை நனைப்பார். "என்னைக் கட்டிக்கும்போது மட்டும் மட்டம் பாக்காம விட்டுட்டாரு," என்று சில்வண்டு சொல்லாத ஆள் கிடையாது.

குப்பைக் கல்லுக்கு ஏன் இத்தனை பாடு என்றால், அந்தக் கல்லின் அளவு.

அவர்களுடைய வீடு ஒரு சந்தின் கடைசி வீடு. ஒரே அறை, ஓரத்தில் அடுப்படி. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ரசமட்டம் தன் கையாலேயே கட்டியது. வீட்டின் பக்கவாட்டில் பத்தடி அகலத்துக்கு வெறும் இடம் இருந்தது. அங்கே இன்னொரு அறை கட்டக் கையில் அப்போது ஒன்றும் இல்லை. அதனால் முன் சுவர் முடிகிற இடத்திலும் பின் சுவர் முடிகிற இடத்திலும் பல் விட்டு வைத்தார். ஒரு வரிசைக் கல் அரைக்கல் நீளத்துக்கு வெளியே நீட்டியிருக்கும், அடுத்த வரிசை உள்ளே அடங்கியிருக்கும். பிற்பாடு அறை கட்டுகிற நாளில் புதுச்சுவர் அந்தப் பற்களுக்கு நடுவே புகுந்து, பழைய சுவரோடு ஒரே சுவராகப் பிடித்துக்கொள்ளும்.

அந்த நாள் வரவில்லை. பல் மட்டும் நின்றது. அப்போது பத்து வயதாயிருந்த மகள், "அப்பா, நம்ம சுவத்துக்குப் பல்லு முளைச்சிருக்கு!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கீழேயிருந்து ஐந்தாவது பல் அவளுடையது. பள்ளிக்கூடப் பையை அதில்தான் மாட்டுவாள். பை கனத்துக் கனத்து அந்தக் கல்லின் விளிம்பு வழவழவென்று ஆகிவிட்டது. அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறாள். தங்குவது அதை ஒட்டி அவர்கள் கொடுத்த விடுதியில்.

போன தடவை இரண்டு நாள் லீவில் வந்தாள். அறைக்குள் அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தையும். வாசல் பக்கம் அப்பாவும் அம்மாவும். மகள் அடுப்படியில் படுத்தாள். காலை நீட்டினால் காஸ் சிலிண்டர் இடித்தது. இரண்டு ராத்திரியும் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அம்மாவின் வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை மாதிரியே கிடந்தாள். கிளம்புகிற அன்று பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னாள்:

"இங்க சலவைக்கூடத்துல ஆள் எடுக்கறாங்கம்மா, விசாரிச்சிட்டேன். வந்துடுவேன். ஆனா எங்க படுக்கறது? பெரிசா ஒண்ணும் வேணாம். சாத்திக்கறதுக்கு ஒரு கதவு இருந்தா போதும்."

அங்கே விடுதியில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்குவார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதி அவள் முறை. போட்டால் இன்னும் மூன்று வருஷம், இடையில் கிளம்ப முடியாது. போடாவிட்டால் மறுநாளே கட்டிலைக் காலி செய்ய வேண்டும்.

அந்தக் கதவுக்காகத்தான் இந்தச் சுரண்டல். இப்போது கடையில் வருகிற செங்கல் அந்தக் காலத்துக் கல்லைவிட அரை விரற்கடை மெல்லிசு. பழைய பல்லுக்குள் வைத்தால் மேல் வரிசை, கீழ் வரிசை எதுவும் சேராது. இடித்த சாமான் அறையின் கல்லை ரசமட்டம் கையில் எடுத்து, சாணும் விரலுமாக அளந்து பார்த்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அதே அளவு," என்றார் மனைவியிடம். "அச்சு அசல் அதே அளவு."

*

நாலாம் தேதி சாயங்காலம் சில்வண்டின் தம்பி வந்தான். தச்சன். பெரிய வீட்டில் மரச்சட்டம் நிறுத்துகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். பக்கவாட்டு இடத்தில் நின்று, காலால் அளந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பவும் செருகிக்கொண்டான்.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. அங்க அறுத்த துண்டுச் சட்டமே மலை மாதிரி கிடக்கு. பத்தடிக்கு எட்டடி அறைக்கு அதுவே தாராளம். கண்ணாடி வந்த பெட்டிப் பலகை வேற இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை சட்டத்தை நிறுத்திடலாம், அடுத்த ஞாயிறு பலகை அடிச்சுக் கதவை மாட்டிடலாம். பதினஞ்சாம் தேதி பாப்பா உள்ள படுத்துக் காலை நீட்டலாம்."

"கொத்தன் வீட்டுல மரப்பெட்டியா?" ரசமட்டம் சிரித்தார். "ஊர் சிரிக்கும் மாப்ள."

"ஊரா வந்து படுக்கப்போகுது?"

"மழை வந்தா ஊறும். வெயில் வந்தா விரியும். கரையான் வந்தா உன்னைத் தேடியா அலையறது?"

"அடி மட்டம் ஒரு அடி தூக்கி வச்சா கரையான் எப்படி வரும்? உங்க சுவர் மட்டும் என்ன, அமிர்தம் குடிச்சிருக்கா? நீங்க வாரத்துல ஆறு நாள் அடுத்தவன் வீடு கட்டறீங்க. மிச்சம் ஒரு நாள். அந்த ஒரு நாள்ல அஸ்திவாரம் எப்ப, சுவர் எப்ப, அது காயறது எப்ப?"

"எட்டு, பதினஞ்சு, இருபத்திரெண்டு, இருபத்தொம்பது," ரசமட்டம் விரலை மடக்கினார். "நாலு ஞாயிறு எனக்குப் போதும். முதல் ஞாயிறு அஸ்திவாரம். ரெண்டு ஞாயிறு சுவர். நாலாவது ஞாயிறு தகரம் போட்டுக் கதவு."

"நடுவுல ஒரு ஞாயிறு போச்சுன்னா?"

"ஏன் போகுது?"

தம்பி அக்காவைப் பார்த்தான். சில்வண்டுக்கு வாய் வரை வந்தது, மரம்தான் சரி என்று. பதினோரு நாளில் கதவு. யோசிக்க என்ன இருக்கிறது? அவள் வாயைத் திறந்தபோது ரசமட்டம் சுவர் ஓரமாக நின்றிருந்தார். அவருடைய வலது கை, அவரறியாமலே, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருந்த குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. பதினாறு வருஷமாக அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அங்கே போய் உட்கார்கிற கை.

"நீயே சொல்லு," என்றார் அவர், மனைவியைப் பார்க்காமல். "மரம்னா மரம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சில்வண்டு மகளுக்குப் போன் போட்டாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சலோடு குரல் வந்தது.

"சொல்லும்மா. சீக்கிரம் சொல்லு, குளிக்க வரிசையில நிக்கறேன். பதினோரு பேருக்கு ஒரு குழாய். எங்க ரூம்ல ஒருத்தி கனவு கண்டா பத்துப் பேருக்கு வேர்க்குது."

சில்வண்டு விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் பை மாட்டுவேனே, அந்தப் பல்லு இன்னும் இருக்காம்மா?"

"இருக்குடி. நல்லா வழவழன்னு இருக்கு."

"மாமா பலகை அடிச்சா அது என்ன ஆகும்?"

"பலகைக்குப் பின்னால போயிடும்."

மறுபடியும் இயந்திரச் சத்தம். பிறகு, "முப்பதுக்குள்ள முடிஞ்சா எதுன்னாலும் சரிம்மா," என்றாள் மகள். "எதுன்னாலும் சரி."

மகள் சொன்னது இதுதான். ஆனால் சில்வண்டின் காதில் விழுந்தது அந்த இயந்திரச் சத்தம். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "கல்லுலயே கட்டுங்க," என்றாள். "நாலு ஞாயிறுன்னு சொல்லியிருக்கீங்க. அஞ்சாவது ஞாயிறு வந்துச்சோ, உங்களை அந்தச் சுவத்துலயே வச்சுப் பூசிடுவேன்."

தம்பிக்குக் கோபம் இல்லை. "சரிக்கா. பதினஞ்சாம் தேதி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். அப்புறம் வேற ஊர்ல வேலை, மூணு மாசம். துண்டுச் சட்டத்தை ஓரமா எடுத்து வைக்கிறேன். மனசு மாறினா சொல்லு," என்று செருப்பை மாட்டினான்.

*

அதற்குப் பிறகு சில்வண்டு மதியத்தில் படுக்கவே இல்லை. காலையில் வேலை ஆரம்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து சுரண்டினாள். சாயங்காலம் மற்றவர்கள் கை கால் கழுவும்போதும் சுரண்டினாள். விரல் நுனித் தோல் தேய்ந்து, கைப்பேசி அவள் தொடுவதையே கண்டுகொள்ளவில்லை. மருமகள்தான் எண்ணை அழுத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. "அத்தை, உங்களுக்கு ரேகையே இல்ல. திருடினா மாட்டவே மாட்டீங்க," என்றாள் அவள்.

ஆயிரத்து நானூறு கல் தேவை. சுரண்டிய கல்லை ரசமட்டம் தோட்ட ஓரத்தில் அடுக்கினார். சும்மா குவித்து வைத்தாலும் கல் கல்தான். ஆனால் அவருக்குக் கை வராதே! அடியில் பலகை போட்டு, நூல் கட்டி, நல்ல முகம் வெளியே தெரிய, ஒரு வரிசை நெடுக்கில், ஒரு வரிசை குறுக்கில் என்று நாலு அட்டிகள். ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். மேலே மட்டக்கோலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

"இது என்னங்க, கல்யாணப் பொண்ணா? அலங்காரம் பண்றீங்க," என்றாள் சில்வண்டு.

"அடுக்கும்போதே சரியா அடுக்கினா கட்டும்போது கை தேடாது."

நடுவில் ஒரு கல் அவள் கைக்கு வந்தது. பச்சையாக இருக்கும்போது சூளைக்காரர் யாரோ அழுத்தித் தூக்கியிருக்கிறார். நாலு விரல் குழி அப்படியே வெந்து நின்றது. சின்னக் கை, பெண்ணுடைய கையாக இருக்கும். சில்வண்டு தன் விரலை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. "இதைக் கதவுக்குப் பக்கத்துல வச்சுக் கட்டுங்க. உள்ள வரும்போதும் போகும்போதும் அவ கையை வைக்கட்டும்," என்று கணவரிடம் கொடுத்தாள். அவர் அதை மூன்றாவது அட்டியின் மேலே தனியாக வைத்தார்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அஸ்திவாரம் தோண்டிக் கல் போட்டார்கள். மகன் தோண்டினான். மருமகள்கூடக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் மண் அள்ளினாள். பதினாலாம் தேதி தள்ளுவண்டிக்காரர் நானூறு கல் கொண்டுவந்து இறக்கினார். சந்துக்குள் அதற்குமேல் வைக்க இடமில்லை. மிச்சம் ஆயிரம் பெரிய வீட்டிலேயே இருக்கட்டும், அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

பதினைந்தாம் தேதி காலையில் தம்பி ஊருக்குக் கிளம்புகிற வழியில் எட்டிப் பார்த்தான். ரசமட்டம் முதல் பல்லுக்குள் முதல் கல்லைச் செருகிக்கொண்டிருந்தார். கலவையை வைத்து, கல்லைத் தள்ளி, கரண்டிப் பிடியால் ஒரு தட்டு. பதினாறு வருஷம் வாயைத் திறந்துகொண்டு நின்ற சுவர் கல்லைக் கவ்விக்கொண்டது. இரண்டு பக்கமும் மயிரிழை பிசகவில்லை.

"ஒத்துக்கறேன் மாமா," என்றான் தம்பி. "எங்க மரப் பொருத்து தோத்துது. துண்டுச் சட்டத்தை லாரியில ஏத்திடச் சொல்லிடட்டுமா?"

"ஏத்திடச் சொல்லு, ஏத்திடச் சொல்லு."

சாயங்காலம் சுவர் முழங்கால் உயரம் நின்றது. கதவுக்கு விட்ட இடைவெளி வழியாக சில்வண்டு உள்ளே போனாள். வெறும் மண்தரையில் மல்லாந்து படுத்தாள். இரண்டு காலையும் நன்றாக நீட்டினாள். எதுவும் இடிக்கவில்லை.

"அய்யய்யோ, அத்தைக்கு என்னவோ ஆயிடுச்சு!" என்று மருமகள் ஓடி வந்தாள்.

"ஒண்ணும் ஆகல. அளவு பாக்குறேன். போடி."

*

பதினாறாம் தேதி திங்கட்கிழமை, பெரிய வீட்டில் உள் அலங்காரம் செய்யும் பெண் முதல் தடவையாக வந்தாள். மரச்சட்டம் முழுசாக நின்று, பலகை அடித்து, கண்ணாடியும் மாட்டியாயிற்று. அந்தப் பெண் உள்ளே நின்று சுற்றிப் பார்த்தாள். மரம், மரம், எல்லாம் மரமாக இருக்கிறது, எங்கேயோ ஒரு குறை என்றாள். கண்ணாடி வழியாகத் தோட்டத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"அது என்ன?"

வெயிலில் மிச்சமிருந்த மூன்று அட்டிகளும் பளிச்சென்று நின்றன. நூல் பிடித்த ஓரம், சிவப்பிலேயே ஏழு விதச் சிவப்பு. வீட்டுக்கார அம்மாவும் வெளியே வந்து ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம பழைய சாமான் ரூம் கல்லா? இவ்வளவு அழகா இருந்துச்சா?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "மூணு வாரமா இங்கதான் கிடந்துது, குப்பை மாதிரி. நான் பாக்கவே இல்லையே."

மர அறையின் ஒரு பக்கம் முழுக்க இந்தப் பழைய கல்லால் பூச்சில்லாமல் ஒரு சுவர் எழுப்பினால் எப்படி இருக்கும் என்று அலங்காரப் பெண் கையை விரித்துக் காட்டினாள். சிமெண்ட் சட்டியைத் தலையில் வைத்தபடி சில்வண்டு நின்றுவிட்டாள்.

மதியம் ரசமட்டம் காண்ட்ராக்டரைத் தேடிப் போனார். சில்வண்டும் பின்னாலேயே போனாள்.

"நீங்கதானே எடுத்துக்கச் சொன்னீங்க. பாதியில நிக்குது வீடு."

"நான் சொன்னது இடிச்ச கல்லு," என்றார் காண்ட்ராக்டர். "இது அடுக்கின கல்லு. ரெண்டும் ஒண்ணா?"

"அதே கல்லுதாங்க. சுரண்டினது இவ, அடுக்கினது நான்."

"அதான் சொல்றேன். சுரண்டின கூலியைப் போட்டுத் தர்றேன். சும்மாவா கேட்டேன்? புதுக்கல்லு ஒரு லோடு உன் வீட்டுல இறக்கச் சொல்றேன், போதுமா?"

"புதுக்கல்லு பல்லுக்குள்ள உக்காராதுங்க," என்றாள் சில்வண்டு.

"பல்லா?" காண்ட்ராக்டர் ரசமட்டத்தைப் பார்த்தார். "என்னய்யா சொல்லுது இந்தம்மா?"

ரசமட்டம் கரண்டியில் ஒட்டியிருந்த காரையை விரலால் வழித்தார்.

"இங்க பாரு. இந்தச் சுவரை உன்னைத் தவிர எவன் கட்டினாலும் எனக்குத் திருப்தி இல்ல. பூச்சில்லாத சுவர், ஒரு கல்லு பிசகினாலும் தெரியும். முப்பதாம் தேதி அவங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. ரெண்டு ஞாயிறும் வந்துடு. இது முடிஞ்சதும் அடுத்த இடத்துல எட்டு மாச வேலை, நீங்க ரெண்டு பேரும்தான் முதல் ஆளு. இல்ல, முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சில்வண்டு திரும்பி வந்து சிமெண்ட் சட்டியைத் தலைக்குத் தூக்கினாள். கம்பி கட்டுகிறவர் எழுந்து உட்கார்ந்து, "என்ன சில்வண்டு, சத்தத்தையே காணோம்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றே அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் எங்கேயோ மாடிச் சாரத்தின் மேல் இருந்தான். துண்டுச் சட்டமெல்லாம் அன்று காலையிலேயே லாரி ஏறிவிட்டது என்றான். பிறகு, "மாமாகிட்ட ஒண்ணும் சொல்லாதக்கா," என்றான்.

புதுக்கல் லோடு வரவில்லை. கேட்டபோதெல்லாம், சூளையில் சொல்லியிருக்கிறேன் என்று காண்ட்ராக்டர் சொன்னார். வீட்டுக்கார அம்மா ஒருநாள் சில்வண்டைக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். "நீதான் ஒவ்வொண்ணா சுத்தம் பண்ணினியாமே. உன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்," என்றார். சில்வண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இருபத்திரண்டும் இருபத்தொன்பதும் ரசமட்டம் அந்தச் சுவரில் நின்றார். மெதுவாக, குனிந்து, ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பார்த்து நல்ல முகத்தை முன்னால் வைத்தார். மோசமாகக் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ. அவர் கைக்குத் தோன்றவில்லை. நாலு விரல் குழி விழுந்த கல் வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். அலங்காரப் பெண் அதைக் கண்ணளவு உயரத்தில், நட்டநடுவில் வைக்கச் சொல்லியிருந்தாள். அதற்கு நேர் மேலே ஒரு சின்ன விளக்கு வரும்.

*

முப்பதாம் தேதி காலையில் சில்வண்டு வழக்கம்போல எழுந்து, வீட்டுப் பக்கவாட்டில் முழங்கால் உயரம் நின்ற சுவரின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். புதுச்சுவர் இறுக ஏழு நாள் நனைத்தால் போதும். அன்று பதினைந்தாவது நாள். மருமகள் வாசலில் நின்று பார்த்தாள். கீழ்ப் பற்கள் கல்லைக் கவ்வியிருந்தன. மேலே மகளின் பல் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பின்னால் இயந்திரச் சத்தம் இல்லை. எங்கோ படிக்கட்டில் நின்று பேசுகிறாள் போல.

"அம்மா, போட்டுட்டேன்."

"உம்."

"மூணு வருஷம்தானே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். நீ அழுவறியா?"

"நான் ஏன் அழுவறேன்? தூசி."

"அப்பா கையில குடு."

சில்வண்டு போனை நீட்டினாள். ரசமட்டம் கை கழுவிவிட்டு வருகிறேன் என்பதுபோல் சைகை காட்டிவிட்டுக் குழாய்ப் பக்கம் போனார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது மகளுக்கு நேரமாகிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் சுவரைப் பார்க்க வந்தார்கள். வீட்டுக்கார அம்மா இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அலங்காரப் பெண் தூர நின்றும் கிட்ட நின்றும் படம் எடுத்தாள். பிறகு தோட்டப் பக்கத்து ஓரத்துக்குப் போய், "இது ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

சுவர் முடிகிற அந்த ஓரத்தில், அடியிலிருந்து நுனி வரை, ஒரு கல் வெளியே, ஒரு கல் உள்ளே. ரசமட்டமே அப்போதுதான் பார்த்தார்.

"பல்லுங்க," என்றார். "கைப்பழக்கத்துல விட்டுட்டேன். நாளைக்கு இன்னொரு அறை சேக்கணும்னா இதுல பிடிச்சுக் கட்டிக்கலாம்."

வீட்டுக்கார அம்மா சிரித்தார். கள்ளமில்லாத சிரிப்புதான். "இன்னொரு ரூமா? இந்த ரூமை என்ன பண்றதுன்னே நாங்க இன்னும் முடிவு பண்ணலப்பா."

"வெட்டிடு," என்றார் காண்ட்ராக்டர். "விருந்தாளிங்க வர்றதுக்குள்ள முடிச்சிடு."

ரசமட்டம் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொரு பல்லாகத் தெறித்துக் கீழே விழுந்தது. சில்வண்டு இரும்புச் சட்டியில் பொறுக்கினாள். பதினெட்டு அரைக்கல். சட்டியைத் தூக்கித் தலையில் வைத்து வெளியே கொண்டுபோகும்போது காண்ட்ராக்டர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். சட்டியை எட்டிப் பார்த்தார்.

"அந்தத் துண்டெல்லாம் வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க," என்றார். "எனக்கு லாரி மிச்சம்."

கார் போயிற்று. மரநிழலில் யாரும் இல்லை. சில்வண்டு சட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.  பிறகு அவள் கை ஒரு அரைக்கல்லை எடுத்தது. மற்றக் கை இடுப்பிலிருந்த பழைய கரண்டியை உருவியது. ஓரத்தில் இரண்டு தட்டு, ஒரு திருப்பு, ஒரு சுரண்டல்.

கலவை இன்னும் இறுகவில்லை. சுலபமாக வந்தது.